கிளைமாக்ஸ் பார்க்காத பூரணி அக்கா

எங்கள் தெருவில் ராசா படம் ஒன்றுகூட விடாமல் பார்த்தது ஞானபூரணி அக்கா மட்டும்தான். அதில் ஒரு படத்தின் கிளைமாக்ஸைக்கூடப் பார்க்காததும் அவள் மட்டும்தான்.

ராசா படம் என்றால் ஒரு கோட்டை இருக்கும். நாலாயிரம் குதிரை, மதம் பிடித்த யானை, அந்த யானையை ஒற்றைக் கையால் நிறுத்துகிற ஆள் எல்லாம் இருக்கும். எந்த மொழியில் எடுத்திருந்தாலும் தமிழில் பேசவிட்டு அனுப்பிவிடுவார்கள். சிவகாசிக்குப் படம் வந்த முதல் ஞாயிறே அக்கா தியேட்டருக்குள் இருப்பாள். ராசா நடந்து வந்தால் கை தட்டுவாள். ராசாவின் அம்மா அழுதால் முந்தானையை எடுப்பாள். கடைசியில் கோட்டை வெடிக்கும் பாருங்கள், அந்த 'டமார்' காதில் விழுந்து முடிவதற்குள் அக்காவின் சீட் காலி. சீட்டுக்கு அடியில் செருப்பு மட்டும் கிடக்கும். ஆள் வெளியே சைக்கிள் ஸ்டாண்டில், கையில் மிக்சர் பொட்டலத்தோடு, நான் எப்போது இங்கே வந்தேன் என்கிற முகத்தோடு நிற்பாள். அவள் திரும்பி உள்ளே போவதற்குள் படம் முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருக்கும்.

பயம் என்று நினைத்தால் தப்பு. அக்காவைப் பார்த்துத்தான் தெருவே பயப்படும், நான் உட்பட. ஓடுவது அவள் இல்லை, அவளுடைய கால்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பத்தொன்பது வருசமாகப் பூச்சட்டிக்கு, அதான் புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கிறாள். மருந்து அடைக்கிற ரூம் நம் வீட்டு ரூம் மாதிரி இருக்காது. ஒரு ரூமுக்கு நாலு வாசல், நாலே ஆள். ஆளுக்கு ஒரு வாசல் பக்கத்தில் உட்கார வேண்டும். வாசலில் ஒரு துரும்பு கிடக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்று காளிராஜ் போர்மேன் சொன்ன பாடம் ஒன்றுதானாம்: "சத்தம் கேட்டா ஓடு. எதுக்கு ஓடுனோம்னு வெளிய போய்க் கேட்டுக்கோ."

எட்டு வருசத்துக்கு முன்னால் ஒரு சாப்பாட்டு நேரம். ஆள் இல்லாத பக்கத்து ரூமில் ஒரு சத்தம். அக்கா முதலில் ஓடினாள். அவள் ஓடுவதைப் பார்த்து மற்ற மூன்று பேரும் ஓடினார்கள். நாலு பேரும் வேப்பமரத்தடியில் போய் நின்று திரும்பினால், உட்கார்ந்திருந்த ரூமுக்குக் கூரை இல்லை. ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்லை. அன்றைக்கு அந்தக் கால்கள் நாலு உசிரைக் காப்பாற்றின. அதிலிருந்து அதுகளுக்குக் கொஞ்சம் தலைக்கனம். அக்காவைக் கேட்டுக்கொள்வதே இல்லை.

அவள் வீட்டுக்காரர் அகஸ்டின் அண்ணன் இதற்கு நேர் எதிர். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை. நாள் முழுக்கக் கல் உடைபடுகிற சத்தத்தில் நின்று பழகிய மனிதர், தியேட்டரில் டைட்டில் போடும்போதே தூங்கிவிடுவார். கோட்டை வெடித்தால் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திரும்பிப் படுப்பார். ஒரே சத்தத்துக்குப் பொண்டாட்டி ஓடுகிறாள், புருசன் குறட்டை விடுகிறார். என்ன ஜோடிப் பொருத்தமோ.

"இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன்க்கா அந்தப் படத்துக்குப் போறீக? பேசாம ஒரு காதல் படம் பாக்க வேண்டியதுதானே?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"காதலா? அதுல என்னலே இருக்கு. ரெண்டு பேரும் குடையப் பிடிச்சுட்டு நிப்பாக." அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நாங்க காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் நடந்துறக் கூடாதுன்னே உக்காந்துருக்கோம். ஒரு பொறி வரக் கூடாது, ஒரு ஆணி தரையில உரசக் கூடாது, வேகமா தும்மக்கூடக் கூடாது. அங்கன போனா அம்புட்டும் நடக்குது. மலையே வெடிக்குது. நம்மாளு ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. கையைத் தட்டிட்டு வீட்டுக்கு வந்து சோறு பொங்கலாம். இது போதாதா?"

எனக்கு அப்போது புரியவில்லை. நான் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அச்சகத்தில் காலண்டருக்குத் தகரம் அடிக்கிறேன். புரிய லேட்டாகும்.

தியேட்டரில் பார்த்ததோடு அக்காவின் படம் முடியாது. திங்கட்கிழமை காலை ஆறரை மணிக் கம்பெனி வேனில்தான் அசல் காட்சி. இருபது பெண்கள், முக்கால் மணி நேரம், அக்கா கதை சொல்வாள். குதிரை ஓடினால் வேனின் தகரத்தில் தட்டிக் குளம்புச் சத்தம் கொடுப்பாள். வில்லன் சிரித்தால் டிரைவர் சங்கிலிமுத்து பிரேக்கில் காலை வைத்துவிடுவாராம். அதைக் கேட்டுவிட்டு, படத்தைப் பார்த்தவர்களே இன்னொரு தடவை போய்ப் பார்ப்பார்களாம்.

கிளைமாக்ஸுக்கு மட்டும் என்னிடம் வருவாள். ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "ஏலே தவுபிக்கு, கோட்டை வெடிச்சதுக்குப் பெறகு என்னலே ஆச்சு?" என்பாள். நான் சொல்வேன். அதைச் சேர்த்து மறுநாள் வேனில் முடிப்பாள்.

அந்த வேலையில் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். சித்திரை மாசம் வந்த படத்தில்தான் நாக்கு அரித்தது.

"அக்கா, சொன்னா அழுதுருவீக," என்றேன்.

"சொல்லுலே."

"பொகைக்குள்ள இருந்து வில்லன் வாரான். ராசா வாளை ஓங்குறாரு. வில்லன் முகமூடியைக் கழட்டுறான். பாத்தா..."

"பாத்தா?"

"ராசாவோட அம்மா."

அக்கா நெஞ்சில் கை வைத்துவிட்டாள். "அதான் அந்தம்மா பாதிப் படத்துல காணாமப் போச்சா! நான் அப்பயே நெனச்சேன்லே." கண்ணைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

மறுநாள் வேனில் அதை எப்படிச் சொல்லியிருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள். முகமூடியைக் கழற்றும் இடத்தில் ஒரு நிமிசம் பேச்சை நிறுத்தினாளாம். ஏழெட்டுப் பேர் அழுதார்களாம். அதே படத்தை அதே ஞாயிறு பார்த்திருந்த அழகுமீனா பின் சீட்டில் இருந்து, "ஏ பூரணி, நீ எந்தூர் தியேட்டர்லடி பாத்த?" என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு வேனில் கிளம்பிய சிரிப்பு வெம்பக்கோட்டை வரை ஓயவில்லை. டிபன் பெட்டியைத் திறந்தால் "முகமூடியைக் கழட்டுறா பாரு" என்றார்கள். ஒரு மாசம் அவளுக்குப் பேரே "ராசாவோட அம்மா".

அக்கா என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். திட்டவில்லை. வேனில் கதை சொல்வதை நிறுத்திவிட்டாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து முந்தானையைத் தலையில் போட்டுத் தூங்குவதுபோல வருவாளாம். ஆவணியில் அடுத்த ராசா படம் வந்தது, சுவரெல்லாம் போஸ்டர். முதல் ஞாயிறு போனது, ரெண்டாவது ஞாயிறும் போனது. அக்கா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

"படத்துக்குப் போகலையாக்கா?"

"முடிவு தெரியாத கதையை எதுக்குலே பாக்கணும்? அடுத்தவன்கிட்ட வாங்குன முடிவை வச்சு எம்புட்டு நாளைக்குச் சொல்ல?" கீரைக் காம்பை ஒடித்தாள். "ஒத்தத் தடவை, என் கண்ணால பாத்துச் சொல்லணும். இல்லாட்டி எனக்குக் கதையும் வேண்டாம், படமும் வேண்டாம்."

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ராத்திரியெல்லாம் யோசித்து, காலையில் பல் தேய்க்கும்போதுதான் பிடிபட்டது. போன கிறிஸ்மஸுக்குக் கேக் சாப்பிட அக்காவோடு சர்ச்சுக்குப் போயிருந்தேன். பாட்டு நடுவில் ஸ்பீக்கர் 'படார்' என்று வெடித்தது. பாடிக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் துள்ளினார்கள். நான் முன் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டேன். அக்கா மட்டும் பக்கவாட்டில் ஒரு தடவை பார்த்துவிட்டு, பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அவள் பக்கவாட்டில் பார்த்தது எதை? திறந்து கிடந்த வாசலை. சர்ச்சில் அவள் எப்போதும் உட்காருவது வாசல் பக்கத்துப் பெஞ்ச். பஸ்ஸில் படிக்குப் பக்கத்து சீட். வீட்டில் கட்டில் கிடப்பது முன் வாசலும் பின் வாசலும் தெரிகிற இடத்தில்.

காலுக்கு வாசல் தெரிந்தால் போதும், அது பேசாமல் இருக்கும். தியேட்டரில்தான் எல்லாக் கதவையும் அடைத்துவிடுகிறார்களே!

தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவர் நாகூர் கனி மாமா, என் அம்மாவின் அண்ணன். நேராகப் போய்க் கேட்டேன்.

"மத்தியான ஆட்டத்துக்குக் கதவைத் தொறந்து வைக்கணுமா? ஸ்கிரீன்ல ராசா தெரிய மாட்டாருலே, வெயில்தான் தெரியும். சீட்டைப் பிடுங்கி என் மேல எறிவானுக."

"ஒத்தக் கதவு மாமா. கடைசி இருவது நிமிசம்."

"ராத்திரி ஆட்டத்துக்கு வரச் சொல்லு."

"காலையில ஆறரைக்கு வேன், மாமா."

மாமா தீக்குச்சியால் காதைக் குடைந்தார். அவர் யோசிக்கிற விதம் அது. பிறகு சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் சுருட்டிக் கிடந்த பழைய பிளக்ஸ் பேனரைப் பார்த்தார். இருபது அடி ராசா, சித்திரைப் படத்தில் வந்தவர். கதவுக்கு வெளியே அதைக் கட்டித் தொங்கவிட்டால் வெயில் உள்ளே வராது.

"ஆனா ஒண்ணு," என்றார். "டிக்கெட் கவுண்டர்ல 'இன்று காட்சி இல்லை, யானைக்கு உடம்பு சரியில்லை'ன்னு எழுதி ஒட்டுனது நீதானே?"

நான் தரையைப் பார்த்தேன்.

"இனிமே இந்தக் காம்பவுண்டுக்குள்ள ஒரு சேட்டை இருக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தியாகம் அது.

மூன்றாவது ஞாயிறு அக்காவைக் கிளப்பியது தனிப் பாடு. "இதுவும் ஒன் வெளையாட்டாலே?" என்று மூன்று தடவை கேட்டாள். சர்ச் முடிந்து, அகஸ்டின் அண்ணனின் டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினாள். இறங்கியதும் டிக்கெட்டைக்கூட வாங்கவில்லை, அந்தப் பக்கவாட்டுக் கதவைப் பார்க்கப் போனாள்.

"கதவு காத்துல மூடிக்கிட்டா?"

"கல்லு வச்சிருக்கேன்மா," என்றார் மாமா.

"கல்லை எடுங்க. கால்ல இடறும். கயித்தால இழுத்துக் கட்டுங்க. பேனருக்கும் வாசலுக்கும் நடுவுல மூணு ஆள் நிக்க எடம் வேணும். அடியில ஒரு முழம் வெளிச்சம் தெரியணும், அப்பத்தான் வெளியன்னு கண்ணுக்குத் தெரியும்."

மாமா பேனரை அவிழ்த்துத் தள்ளிக் கட்டினார். கட்டிக்கொண்டே என் காதில் சொன்னார்: "ஏலே, இந்தம்மா படம் பாக்க வந்துச்சா, இன்ஸ்பெக்சனுக்கு வந்துச்சா?"

வாசலை ஒட்டின சீட்டில் அக்கா, அவளுக்கு அந்தப் பக்கம் அண்ணன். நான் அவளுக்கு நேர் பின் சீட்டில், வாசலைப் பார்த்து. டைட்டில் முடிவதற்குள் அண்ணன் போய்விட்டார், தூக்கத்துக்கு.

படத்தைப் பற்றி என்ன சொல்ல? குதிரைகள் வந்தபோது சீட்டு அதிர்ந்தது. ராசா ஆற்றைத் தாண்டிக் குதித்தபோது தியேட்டரே எழுந்து நின்றது. அக்கா பழைய அக்காவாகிவிட்டாள். கை தட்டினாள், வில்லனைத் திட்டினாள். கோட்டைக்குள் வெடிமருந்து வைத்திருக்கும் கிடங்கைக் காட்டினார்கள். இருட்டான ரூம், கூரை வரை பீப்பாய், சுவரில் தீப்பந்தம். அக்காவால் தாங்க முடியவில்லை.

"அடப் பாவி! அம்புட்டு மருந்தையும் ஒரே ரூம்ல அடைச்சு வச்சு, ஒத்த வாசல் வச்சுக் கட்டிருக்கான்! பந்தத்தை வேற சொருகிருக்கான்! வெளங்குவானா இவன்?"

ரெண்டு வரிசை சிரித்தது. "அக்கா, அவன் வில்லன்க்கா," என்று யாரோ சொன்னார்கள்.

"வில்லன்னா? வேலை பாக்குறவனும் மனுசன்தானே?"

கடைசி இருபது நிமிசம். மாமா சொன்னபடி கதவைத் திறந்து கயிற்றால் கட்டினார். பேனருக்கு அடியில் ஒரு முழம் மத்தியான வெயில். அதில் ஒரு ஆட்டின் நாலு கால் நின்றது. வில்லன் பந்தத்தைப் பிடுங்கிக் கிடங்குக்குள் ஓடினான். ராசா அவன் பின்னால் ஓடினார். உள்ளே ஒரு சின்னப் பிள்ளையை வேறு கட்டிப் போட்டிருந்தார்கள்.

நான் திரையைப் பார்க்கவில்லை. குனிந்து, முன் சீட்டுக்கு அடியில் அக்காவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். பத்து விரலும் தரையைக் கவ்விக்கொண்டிருந்தன. இரு, இரு, இரு என்று நான் மனசுக்குள் அந்தக் காலிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

டமார்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, வாய் நிறைய பிளக்ஸ். பேனரில் ராசாவின் தொப்புள் இருந்த இடத்தில் என் மூக்கு இருந்தது. ஆடு மிரண்டு ஓடியது. என் காலில் செருப்பு இல்லை. ஓடியது நான்!

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை. வாசல் வழியே, இருட்டுக்குள், திரையின் ஆரஞ்சு வெளிச்சம் அடித்த அக்காவின் முகம் தெரிந்தது. ஒரு கை சீட்டின் கைப்பிடியைப் பிடித்திருந்தது, மற்றது அண்ணனின் சட்டையை. வாய் திறந்திருந்தது. கால் அங்கேயே இருந்தது.

நான் உள்ளே போயிருக்கலாம். ரெண்டே எட்டு. ஆனால் போவதென்றால் அந்த வாசலில் ஒரு நிமிசமாவது நிற்க வேண்டும். வாசலில் துரும்பு கிடக்கக் கூடாது. நான் துரும்பைவிடக் கொஞ்சம் பெரியவன். அதனால் வெயிலில், சைக்கிள் ஸ்டாண்டில் போய் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரே ஒரு ஆள் கை தட்டும் சத்தம் கேட்டது. அந்தக் கைத்தட்டல் யாருடையது என்று தெரியாமலா போகும்?

படம் முடிந்து டீக்கடையில் நின்றோம். அண்ணன் கொட்டாவி விட்டுக்கொண்டே, "நல்ல படம்," என்றார். அக்கா டீயை ஊதினாள். கண் ரெண்டும் பூச்சட்டி மாதிரி பூத்திருந்தது.

நான் என்னென்னவோ கேட்டிருக்கலாம். வாயில் வந்தது ஒன்றுதான். "கோட்டை வெடிச்சதுக்குப் பெறகு என்னக்கா ஆச்சு?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். டீக் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"பொகைக்குள்ள இருந்து குதிரை வருதுலே. ராசா இல்ல. வெறுங்குதிரை. சனமெல்லாம் அழுவுது. அப்ப அந்தக் குதிரை நின்னு, திரும்பி, வாயைத் தொறந்து..."

"தொறந்து?"

"ராசாவோட கொரல்ல பேசுதுலே. 'நான் எங்கும் போகவில்லை'ன்னு."

எனக்குப் புல்லரித்தது. அக்காவின் கண்ணில் தண்ணீர் வேறு. நான் பிறந்ததிலிருந்து அவள் ஒரு பொய் சொல்லிக் கேட்டதில்லை.

திங்கட்கிழமை அச்சகத்தில் தகரம் அடித்துக்கொண்டே எல்லாருக்கும் கதையைச் சொன்னேன். அக்கா மாதிரியே மேசையில் தட்டிக் குளம்புச் சத்தம் கொடுத்தேன். குதிரை பேசும் இடத்தில் ஒரு நிமிசம் பேச்சை நிறுத்தினேன். மிசின் ஓட்டுகிற காளீஸ்வரன் அண்ணன் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தவர் என்பது எனக்குத் தெரியாது. அவர் சிரித்த சிரிப்பில் மிசினை நிறுத்த வேண்டியதாயிற்று. சாப்பாட்டு நேரத்துக்குள் என் பேர் குதிரை. கணக்குப்பிள்ளை ரோஷினி மேடம்கூட, "குதிரை, அந்த பண்டிலை எடு," என்றார்.

சாயங்காலம் வேன் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். வேன் முக்கில் திரும்பும்போதே உள்ளே கும்மாளம் கேட்டது. அக்கா முதல் ஆளாக இறங்கினாள். என்னைப் பார்த்ததும் ஒரு கனைப்புக் கனைத்தாள். வேன் முழுக்க இருபது பெண்களும் சேர்ந்து கனைத்தார்கள். அழகுமீனா ஜன்னலில் இருந்து, "தவுபிக்கு, கொள்ளு வாங்கித் தரவா?" என்றாள். சங்கிலிமுத்து தன் பங்குக்கு ஹாரன் அடித்தார்.

"எப்படிலே இருந்துச்சு?" என்றாள் அக்கா.

"நல்லா இருந்துச்சுக்கா," என்றேன். நெசமாகவே நல்லாத்தான் இருந்தது.

வீடு வரை கூடவே நடந்தேன். அவளே பேச ஆரம்பித்தாள்.

"நெசமா என்ன நடந்துச்சுன்னா, ராசா அந்தப் பிள்ளையத் தூக்குனாரு. இம்புட்டு நாள் எந்தப் படத்துலயும் ராசா வெடிக்கு முதுகைக் காட்டிட்டு மெதுவாத்தான் நடந்து வருவாருன்னு நீதானே சொல்லுவ? இந்த ராசா ஓடுனாருலே. கையை வீசிட்டு, வாயைப் பிளந்துட்டு, கிரீடமெல்லாம் கழண்டு விழ, நம்ம ஓடுற மாதிரியே ஓடுனாரு. தியேட்டர்ல பாதிப் பேரு, 'என்னடா ராசா ஓடுறாரு'ன்னு முனங்குனானுக. நான் கையைத் தட்டுனேன். காலையில வேன்ல சொன்னேன். ஒருத்தி சிரிக்கல. எல்லாரும் தட்டுனாளுக. அந்த அழகுமீனா இருக்காள்ல, அவ மறுபடி சொல்லச் சொல்லி, போகும்போது ஒரு தடவ, வரும்போது ஒரு தடவ."

"செருப்பு போட்டா ஓடுனாரு?" என்று கேட்டேன்.

"செருப்பை விட்டுட்டுத்தான்," என்றாள். வீட்டுக்குள் போய் ஒரு மஞ்சப் பையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். உள்ளே என் செருப்பு ரெண்டும் இருந்தன. வார் அறுந்திருந்த இடத்தில் பட்டாசு கட்டுகிற நூலால் தைத்திருந்தது.